லாக் அவுட் செய்தவருக்கு மெசேஜ் எதற்கு?

"ஆப்பை விட்டு வெளியே வந்தாச்சு. அப்புறமும் எதுக்கு டிங் டிங்னு மெசேஜ்?"

கல்லூரி கேன்டீனில் தொடங்கி ஐடி கம்பெனி வரைக்கும் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. கேட்பவர்கள் சொல்லும் நியாயம் சின்னது. லாக் அவுட் என்றால் கதவைச் சாத்திவிட்டு வந்தாயிற்று என்று அர்த்தம். சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்து ஒருவன் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அது அந்தரங்கத்தில் மூக்கை நுழைப்பது. வேறு எத்தனையோ ஆப்கள் லாக் அவுட் ஆனதும் வாயை மூடிக்கொள்கின்றன, வங்கி ஆப் மட்டும் என்ன உசத்தி?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பு. அந்தரங்கத்தைப் பற்றிய கவலை தப்பில்லை (அதற்குக் கீழே வருவோம்), அதற்குச் சொல்லப்படும் வைத்தியம்தான் தப்பு.

முதல் விஷயம், வங்கி ஆப்பில் யாரும் லாக் இன் ஆகியே இருப்பதில்லை. சில நிமிடம் திரையைத் தொடாமல் விட்டால் அதுவே வெளியே தள்ளிவிடும். மறுபடி பின் நம்பர், மறுபடி கைரேகை. அதாவது ஒரு நாளின் 24 மணி நேரத்தில் ஐந்து பத்து நிமிடம் போக மீதி நேரமெல்லாம் எல்லா வாடிக்கையாளரும் லாக் அவுட் ஆனவர்கள்தான். "லாக் அவுட் ஆனால் மெசேஜ் வேண்டாம்" என்று விதி போட்டால் என்ன ஆகும்? திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் மெசேஜ் வரும். வீட்டுக்காரர் வாசலில் நிற்கும்போது மட்டும் விசில் ஊதும் கூர்க்கா மாதிரி.

"தானாக லாக் அவுட் ஆவது வேறு, ஒருவர் தன் விரலால் அமுக்கி வெளியே வருவது வேறு. இரண்டாவது ஆளுக்காவது நிறுத்தலாமே?" என்று அடுத்த கேள்வி வரும். அமுக்கி வெளியே வருகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். "வேலை முடிந்ததும் மறக்காமல் லாக் அவுட் செய்யுங்கள்" என்று வங்கி சொன்னதை அப்படியே கேட்டு நடப்பவர். உள்ளவர்களிலேயே ஜாக்கிரதையானவர். அந்த ஜாக்கிரதைக்குப் பரிசாக, கணக்கில் இருந்து பணம் போவது அவருக்கு மட்டும் தெரியக்கூடாதா?

ஆள் லாக் அவுட் ஆகலாம், பணம் ஆகாது. இஎம்ஐ தன் தேதிக்கு எடுக்கப்படும். ஆட்டோபே போகும். ஏடிஎம் கார்டு பர்ஸில் இருக்கிறது, அல்லது பர்ஸில் இல்லை. வங்கி தன் கட்டணங்களைத் தானே எடுத்துக்கொள்ளும். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று ஒரு பாடம் வரும் (மார்க் வாங்கச் சுலபம் என்று எல்லோரும் சொல்லும் பாடம்). அந்தப் பாடமே எதற்கு இருக்கிறது? வங்கி தன் புத்தகத்தில் எழுதியது வாடிக்கையாளருக்குத் தெரியாது, வாடிக்கையாளர் தன் புத்தகத்தில் எழுதியது வங்கிக்குத் தெரியாது, மாதக் கடைசியில் உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும். மாதக் கடைசி வரை காத்திருந்த அந்த வேலையை இன்று ஒரு மெசேஜ் ஒரு நொடியில் முடிக்கிறது. அதை நிறுத்தச் சொல்வது பாஸ்புக் என்ட்ரி போடும் மெஷினுக்குத் துணி போட்டு மூடச் சொல்வது.

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் தொழிற்பேட்டைப் பக்கம் போய்க் கேட்டால் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். ஃபோனுக்குப் பேர்போன பகுதி அது. கோடிக்கணக்கில் பட்டன் ஃபோன் செய்து தள்ளிய நோக்கியா ஆலை 2006ல் அங்கேதான் தொடங்கியது, 2014 நவம்பரில் மூடப்பட்டது. 2019ல் இருந்து ஃபாக்ஸ்கான் அங்கே ஐஃபோன் செய்கிறது. இப்படிப்பட்ட ஊரில், வேலை நேரத்தில் தொழிலாளி கையில் ஃபோன் இருக்காது! உற்பத்தி வரிசைக்குள் கைபேசி கொண்டுபோகத் தடை உள்ள ஆலைகள் அங்கே நிறைய. ஷிஃப்டுக்கு முன்னால் லாக்கரில் வைக்க வேண்டும், முடிந்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

இரவு ஷிஃப்டுக்குப் போகும் ஒரு பெண்ணை வைத்துப் பாருங்கள். பத்து மணிக்கு ஃபோனை லாக்கரில் வைத்தாயிற்று. பதினொன்றே காலுக்கு அவள் கணக்கில் இருந்து 4800 ரூபாய் எங்கோ போகிறது. காலையில் ஃபோனை எடுத்ததும் லாக் ஸ்க்ரீனில் "11.15, பணம் எடுக்கப்பட்டது" என்று இருந்தால், கம்பெனி பஸ் ஏறும் முன்பே வங்கிக்கும் 1930க்கும் அடித்துவிடுவாள். அது இல்லாவிட்டால்? ரூமுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டுத் தூங்குவாள். அடுத்து ஆப்பைத் திறப்பது வீட்டுக்குப் பணம் அனுப்பும் அன்றைக்குத்தான். அந்த 1930 என்கிற உதவி எண் பயன்படுவதே, போன பணம் இன்னும் ஏதாவது ஒரு கணக்கில் தங்கியிருக்கும் வரைக்கும்தான். கை மாறிக் கை மாறிப் பணமாக எடுத்துவிட்டால் புகார் எண் மட்டும் மிஞ்சும்.

மெசேஜ் வருவது சௌகரியம் மட்டும் இல்லை, அதில் சட்டமும் இருக்கிறது. 2017 ஜூலை 6ம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் மின்னணு வழியில் பணம் போனால் நஷ்டம் யாருடையது என்பதுதான் அதன் விஷயம். வாடிக்கையாளர் மீதும் தப்பில்லை, வங்கி மீதும் தப்பில்லை, நடுவில் வேறெங்கோ ஓட்டை என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொன்னவருக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. நாலு முதல் ஏழு நாட்களுக்குள் சொன்னால் ஒரு வரம்பு வரை அவர் தலையில். ஜீரோ பேலன்ஸ் அடிப்படைக் கணக்கு என்றால் 5000, சாதாரண சேமிப்புக் கணக்கு என்றால் 10,000 ரூபாய் (போன தொகை அதைவிடக் குறைவு என்றால் அந்தத் தொகை). ஏழு நாளைத் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

இந்த நாட்களை எப்போதில் இருந்து எண்ணுவது? பணம் போன நாளில் இருந்து இல்லை. வங்கியின் தகவல் வாடிக்கையாளருக்குக் கிடைத்ததில் இருந்து. கிடைத்த நாளைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும் என்று சுற்றறிக்கை தெளிவாகவே சொன்னது. ஆக ஒரு சின்ன 'டிங்'தான் ஒருவருடைய பத்தாயிரம் ரூபாய்க்கான கடிகாரத்தை ஓடவிடுகிறது. அதே சுற்றறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. ஓடிபியைச் சொல்லிவிட்டது போல வாடிக்கையாளர் தானே ஏமாந்திருந்தால் முழு நஷ்டமும் அவருக்கு, ஆனால் வங்கியிடம் சொன்ன நொடி வரைக்கும்தான். சொன்ன பிறகு போகும் பணம் வங்கியின் நஷ்டம். ஏமாந்தவர் முதல் 2000 போனதுமே தெரிந்து சொன்னால் நஷ்டம் 2000. ஐந்தாவது முறை எடுத்த பிறகு தெரிந்தால் ஐந்து மடங்கு.

"மெசேஜே வராவிட்டால் கடிகாரமே ஓடாதே, வாடிக்கையாளருக்கு லாபம்தானே?" என்று ஒரு புத்திசாலி கேட்கலாம். காகிதத்தில் சரி. நிஜத்தில் அந்தப் பெண் கிளையில் போய் நிற்க வேண்டும். வங்கி "எங்கள் சிஸ்டத்தில் அனுப்பியதாக இருக்கிறது" என்று சொல்லும். பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்பது விதி. விதியை எடுத்துச் சொல்லி வாதாட, ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகிற ஆளால் எத்தனை முறை வர முடியும்?

அறிவிப்பின் மதிப்பு இங்கே பலருக்குப் புரியவில்லை. திருடர்களுக்கு நன்றாகப் புரியும். 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியில் நடந்த கொள்ளை ஞாபகம் இருக்கிறதா? நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் இருந்த அந்த நாட்டுப் பணத்துக்குப் போலி உத்தரவுகள் போயின. சுமார் 95 கோடி டாலருக்குக் குறி வைத்தார்கள், 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் போய் மறைந்தது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர், பெறுபவர் பெயரில் ஃபவுண்டேஷன் என்ற வார்த்தையை எழுத்துப் பிழையோடு அடித்ததால் சந்தேகம் வந்து நின்றது (ஸ்பெல்லிங் முக்கியம் மக்களே!). இதில் கவனிக்க வேண்டியது வேறு. பணப் பரிமாற்றத் தகவல்களைத் தானாக அச்சடிக்கும் ஒரு பிரிண்டர் டாக்காவில் இருந்தது. திருடர்கள் அதை வேலை செய்யாமல் ஆக்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வந்த ஊழியர்கள், பிரிண்டர் ரிப்பேர் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். அந்த நாட்டில் வெள்ளி வார விடுமுறை, ஞாயிறு அமெரிக்காவில் விடுமுறை, திங்கள் சீனப் புத்தாண்டுக்கு மணிலாவில் விடுமுறை. பூட்டை உடைப்பவன் முதலில் நாயின் வாயைத்தான் கட்டுவான். இங்கே சில பேர் அந்த வாயைத் தாங்களே கட்டிக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்.

சரி, அந்தரங்கம்.

இந்தக் கவலை உண்மையானது. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகச் சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம், ஒரு அறைக்கு ஆறு பேர். ஆறு பேர் இருக்கும் அறையில் சார்ஜ் போட்டு வைத்த ஃபோனில் "சம்பளம் வரவு, இருப்பு இவ்வளவு" என்று வெளிச்சம் போட்டால் எத்தனை கண் பார்க்கும்? சாயங்காலமே ஒருத்தி கடன் கேட்பாள். வீட்டுக்குப் போகும்போது அண்ணன் ஃபோனை எடுத்துப் பார்ப்பான். சம்பளத்தில் கொஞ்சம் தனக்கென்று ஒதுக்கி வைக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு வரி போதும், வீட்டில் பஞ்சாயத்து.

இதற்கு மருந்து மெசேஜை நிறுத்துவது இல்லை, எதை எங்கே காட்டுவது என்று பிரிப்பது. பூட்டிய திரையில் "உங்கள் கணக்கில் ஒரு பரிவர்த்தனை" என்று மட்டும் வரட்டும். தொகையும் இருப்பும் ஃபோனைத் திறந்த பிறகு. ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இதற்கான வசதி பல வருடங்களாக இருக்கிறது. அதை செட்டிங்ஸில் ஏழாவது மெனுவுக்குள் போய்த் தேட வேண்டும் என்பதுதான் கொடுமை. வங்கி ஆப் அந்த மறைப்பைத் தானே முதல் நாளில் இருந்து போட்டுக் கொடுத்தால் என்ன? எல்லாம் தெரிய வேண்டும் என்கிறவர்கள் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளட்டும்.

இன்னொரு பயமும் நியாயமானது. ஃபோனை விற்றாகிவிட்டது, அல்லது தங்கைக்குக் கொடுத்தாகிவிட்டது. பழைய ஆளின் மெசேஜ் புது ஆளுக்குப் போகுமா? போக வாய்ப்புண்டு. ஏன் என்று தெரிய இந்த மெசேஜ் வரும் வழி தெரிய வேண்டும். வங்கி நேராக ஃபோனுக்கு அனுப்புவதில்லை. கூகுள் அல்லது ஆப்பிளின் சர்வரிடம் கொடுக்கிறது. அங்கே ஒவ்வொரு ஃபோனில் இருக்கும் ஒவ்வொரு ஆப்புக்கும் டோக்கன் என்று ஒரு முகவரி உண்டு. "இந்த வாடிக்கையாளருக்கு இந்த டோக்கன்" என்று வங்கி தன்னிடம் குறித்து வைத்திருக்கிறது. அந்த டோக்கன் ஆப் நிறுவப்பட்டதோடு சேர்ந்தது, லாக் இன்னோடு சேர்ந்தது இல்லை. எனவே லாக் அவுட் ஆனாலும் முகவரி அப்படியே உயிரோடு இருக்கும், வங்கி தன் குறிப்பை அழிக்கும் வரை.

ஆக இங்கே இரண்டு கதவு இருக்கிறது. ஒன்று, "இப்போதைக்கு வெளியே போகிறேன்". இன்னொன்று, "இந்த ஃபோன் இனி என்னுடையது இல்லை". இரண்டுக்கும் ஒரே பட்டனை வைத்துவிட்டு நடக்கும் சண்டைதான் இது. முதல் பட்டனை அமுக்கினால் மெசேஜ் தொடர வேண்டும். இரண்டாவதை அமுக்கினால் அந்த நொடியே நிற்க வேண்டும், புது ஃபோனில் தொடங்க வேண்டும். பதிவு செய்யும்போது சிம் கார்டைச் சோதித்து, ஃபோனோடு கணக்கைக் கட்டிப்போடத் தெரிந்த வங்கிகளுக்கு, அவிழ்க்கும் பட்டனைக் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கத் தெரியாதா?

இனி உண்மையான வில்லனுக்கு வருவோம். மெசேஜ் என்றாலே மக்களுக்கு எரிச்சல் வரக் காரணம், கணக்கில் இருந்து பணம் போனதைச் சொல்லும் மெசேஜ் இல்லவே இல்லை. "உங்களுக்காக 3 லட்சம் கடன் தயார்!" "இந்தத் தீபாவளிக்குத் தங்க நாணயம்!" "கிரெடிட் கார்டு ஆயுள் முழுக்க இலவசம்!" பணம் திருடு போன தகவலும் இதே மணியோசையில், இதே லோகோவோடு வருகிறது. தினமும் புலி வருது புலி வருது என்று கூவினால் என்ன ஆகும் என்பது ரெண்டாம் கிளாஸ் பையனுக்கும் தெரிந்த கதை. எரிச்சலில் ஒருவர் மொத்த நோட்டிஃபிகேஷனையும் அணைக்கிறார். விளம்பரத்தோடு சேர்ந்து காவலும் போய்விடுகிறது.

எஸ்எம்எஸ் விஷயத்தில் ட்ராய் இதை ஓரளவு சரி செய்தது. 2025ல் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து ஒட்டிவரும்படி செய்தார்கள். பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. ஆப் நோட்டிஃபிகேஷனில் இப்படிக் கண்ணால் பார்த்ததும் பிரித்துச் சொல்ல ஒன்றும் கிடையாது. தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. 2017ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதலே ஓர் ஆப் தன் அறிவிப்புகளை வகை வகையாகப் பிரித்துத் தரலாம், விளம்பரத்தை மட்டும் அணைத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம். பிரித்துத் தர வேண்டியது ஆப்பைச் செய்கிறவர். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில் யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை. லாக் அவுட் ஆன பிறகு வரக்கூடாதது எது என்று கேட்டால் இதுதான். கடன் விற்கும் மெசேஜ், லாக் அவுட் ஆனவருக்கு மட்டும் இல்லை, கேட்காத யாருக்கும் வரக்கூடாது.

ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு டீக்கடையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். க்யூஆர் அட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி. "இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் கத்துகிறது. மாஸ்டர் லாக் இன் செய்துவிட்டா டீ ஆற்றுகிறார்? மாதாமாதம் வாடகை கூடக் கட்டி அந்தப் பெட்டியை வைத்திருக்கும் கடைக்காரர்கள் உண்டு, ஏனென்றால் கையில் வேலை இருக்கும்போது காதுக்குத் தகவல் வர வேண்டும். அவருக்கு இருபது ரூபாய் வரவு. டீ குடித்த தொழிலாளிக்கு அது பற்று. வரவு ஊருக்கே கேட்கிறது, பற்று மட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், சத்தமில்லாமல், சில சமயம் வராமலே போகிறது.

வராமல் போவது கற்பனை இல்லை. எச்டிஎஃப்சி வங்கி 2024 ஜூன் 25ல் இருந்து, யூபிஐயில் 100 ரூபாய்க்கு மேல் அனுப்பினாலோ 500 ரூபாய்க்கு மேல் வந்தாலோ மட்டும்தான் எஸ்எம்எஸ் என்று அறிவித்தது, மற்றதற்கு மின்னஞ்சல். டீக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நூறு எஸ்எம்எஸ் எதற்கு என்பது ஒரு வாதம்தான், எஸ்எம்எஸ்ஸுக்கு வங்கி காசு கொடுக்க வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் எத்தனை பேர் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறார்கள்? எஸ்எம்எஸ் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்ப வேண்டியது ஆப் மெசேஜ். அதையும் லாக் அவுட் என்று சொல்லி நிறுத்தினால் மிச்சம் என்ன?

அதற்காக எஸ்எம்எஸ்ஸை மொத்தமாக நிறுத்திவிட்டு ஆப்பை மட்டும் நம்பவும் முடியாது. ஆப் மெசேஜுக்கு இன்டர்நெட் வேண்டும். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணி ஆப்களின் கழுத்தை நெரிக்கும் ஃபோன்களில் அது சரியாக வராது. எஸ்எம்எஸ்ஸுக்கு வேறு நோய். திருடன் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் எல்லாம் அவனுக்கே போகும். அப்போது ஹாஸ்டல் வைஃபையில் இருக்கும் பழைய ஃபோனுக்கு வரும் ஆப் மெசேஜ் ஒன்றுதான் உண்மையான சொந்தக்காரரை எட்டும். இரண்டும் வேண்டும் என்பது பேராசை இல்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் தனித்தனித் தாழ்ப்பாள் போடுவதில்லையா?

கடைசியாக ஒன்று. அந்த 2017 சுற்றறிக்கையில் பலரும் கவனிக்காத ஒரு வரி உண்டு. வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு வாடிக்கையாளர் அப்படியே ரிப்ளை செய்து மறுப்புச் சொல்ல வசதி வேண்டும், புகார் சொல்ல அவர் இணையப் பக்கத்தைத் தேடி அலையக் கூடாது என்பது அது. எழுத்தால் ஆன பேரில் வரும் வங்கி எஸ்எம்எஸ்ஸுக்கு இன்றைக்கு ரிப்ளை அடித்துப் பாருங்கள், போகாது. வேறொரு நம்பருக்கு, வேறொரு வார்த்தை டைப் அடித்து அனுப்பச் சொல்வார்கள். ஆனால் ஆப் மெசேஜின் அடியில் ஒரு பட்டன் வைக்க முடியும். "இது நான் செய்யவில்லை" என்று தமிழில், லாக் இன் கேட்காமல், ஓடிபி கேட்காமல். அமுக்கியதும் கார்டும் யூபிஐயும் நிற்க வேண்டும். மறுபடி திறக்கத்தான் பின் நம்பரும் கைரேகையும். யாராவது விளையாட்டாக அமுக்கிவிட்டால் கொஞ்ச நேரம் பணம் அனுப்ப முடியாது, அவ்வளவுதான். சம்பளக் கணக்கு திறக்க ஆலை வாசலில் மேஜை போட்டு உட்காரும் வங்கி ஊழியர், பாரத்தில் பதினைந்து கையெழுத்து வாங்குகிறார். பதினாறாவதாக அந்தப் பட்டனை ஒரு முறை அமுக்கிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.